இருபதாவது படிவம்

நான் கூப்பிட்ட எண் என் கைப்பைக்குள்ளேயே அடித்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. காதில் ஹெட்போன் வழியாக மணி போய்க்கொண்டிருந்தது, காலடியில் பை கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து யாரோ நேரம் காலம் தெரியாமல் கூப்பிடுகிறார்கள் என்று எரிச்சலோடு குனிந்து அந்தப் பழைய பட்டன் போனை எடுத்தேன். திரையில் எங்கள் ஆபீஸ் எண். நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பெயர் என்ற கட்டத்தில் என் மாமியாரின் பெயர். வயது அறுபத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நேரில் சந்தித்த நாள், போன செவ்வாய்க்கிழமை. என் மாமியார் செத்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது.

நான் எதையும் அமுக்கவில்லை. அடித்து அடித்து அதுவாகவே ஓய்ந்தது. பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்களையே நீங்க கூப்பிட்டுக்கறீங்களா?"

"மாமியார்" என்றேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அனுதாபத்தோடு திரும்பிக்கொண்டாள்.

எங்கள் வேலை மறுசரிபார்ப்பு. சட்டமன்றத் தேர்தல் வந்தால் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் வீடு வீடாக ஆள் அனுப்பும். அந்த ஆட்கள் உண்மையிலேயே படியேறினார்களா, இல்லை மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே டிக் அடித்துக்கொண்டார்களா என்று பார்ப்பதற்கு வெளியில் ஒரு சின்ன ஆபீஸைப் பிடிப்பார்கள். அந்தச் சின்ன ஆபீஸ்தான் நாங்கள். இரண்டாவது மாடி, பதினெட்டு சீட்டு, குளிரைவிடச் சத்தம் அதிகம் தரும் ஒரு ஏசி. பத்தில் ஒருவரைக் கம்ப்யூட்டரே பொறுக்கிக் கொடுக்கும். அவரைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்கு யாராவது தேர்தல் பத்திக் கேக்க வந்தாங்களா, எவ்வளவு நேரம் பேசினாங்க என்று நாங்கள் கேட்போம்.

இந்த முறை வந்திருக்கும் பட்டியல் யாருடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்த நிறுவனத்தில் நானும் வேலை பார்த்தவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் களப்பணியில் எனக்கு சூப்பர்வைசராக இருந்தவன்தான் இப்போது அங்கே களத் தலைவன். எல்லோரும் அவனைச் சதவீதம் என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் வரும். சாப்பிட்டாச்சா சார் என்றால் எண்பது சதவீதம் என்பான். அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது, அதனால் சதவீதம் என்றே இருக்கட்டும்.

அந்தத் தேர்தலில் எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு வாக்குச்சாவடி. சாவடிக்கு இருபது வீடு. சாவடி வாசலில் நின்று வலது கைப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும். ஐந்தாவது வீட்டில் கேட்க வேண்டும், அங்கிருந்து எண்ணி அடுத்த ஐந்தாவது வீடு. பூட்டியிருந்தால் மூன்று தடவை திரும்பி வர வேண்டும். சொந்தக்காரர், சிநேகிதர், தன் தெருவில் இருப்பவர் யாரையும் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. நான் நடந்தேன். செருப்பு இரண்டு தடவை அறுந்தது. இருநூற்று நாற்பது படிவத்தையும் கூட்டிப் பார்த்தால் ஆளுங்கட்சி தோற்கும் என்று வந்தது.

சதவீதம் என் படிவங்களை மற்றவர்கள் கொண்டு வந்ததோடு வைத்துப் பார்த்தான். "உன் ஏரியா மட்டும் தனி நாடாம்மா?" என்றான். வாக்கு யாருக்கு என்ற இடத்தில் மட்டும் என் எண்களை அவனே கம்ப்யூட்டரில் 'சரி' செய்தான். ஆளுங்கட்சி ஜெயிக்கும் என்று டிவியில் சொன்னார்கள். ஆளுங்கட்சி மண்ணைக் கவ்வியது. நிறுவனத்தின் மானம் கப்பலேறிவிட்டது. எந்தச் சாவடிகளில் கணிப்பு ரொம்பத் தப்பு என்று தேடினால் எல்லாம் என் பெயருக்கு எதிரே வந்து நின்றன, அவன் திருத்திய எண்கள். காகிதப் படிவங்கள் எங்கே என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் அவன் எழுந்து, "இந்தம்மா களத்துக்கே போகல சார். எல்லாத்தையும் வீட்ல உக்காந்து எழுதிட்டு வந்திருக்காங்க, வீட்டுப்பாடம் மாதிரி" என்றான். சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். ஒண்ணுகூட வீட்ல எழுதல சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏனென்றால் இருநூற்று நாற்பதில் ஒன்று, ஒன்றே ஒன்று, வீட்டில் எழுதியதுதான்.

அது கடைசி நாள், கடைசிச் சாவடி. பத்தொன்பது வீடு முடிந்திருந்தது. இருபதாவது வீடு மூன்றாவது தடவையும் பூட்டு. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெடித்த குதிகாலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் எதிரே நாற்காலியில் இருந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனதே கிடையாது. நான் துணி உலர்த்தினால் அவர் எடுத்து மறுபடி உலர்த்துவார்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் போய்ப் போய்க் கேக்கற. நான் ஓட்டு போடறவ இல்லையா? என்கிட்ட இதுவரைக்கும் ஒரு ஆளும் எதுவும் கேட்டதில்ல" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். அவர் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு கேள்வி. எதற்கும் அவசரப்படவில்லை. புரியாததை மறுபடி கேட்கச் சொன்னார். அரசின் செயல்பாடு எப்படி என்றதற்கு ஒண்ணும் சரியில்ல என்றார். ஓட்டுக் கேள்வி வந்ததும் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறி போட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொன்னேன். "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார். ஈரக் காலோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். உங்கள் பகுதியின் முக்கியப் பிரச்சினை என்ன என்ற கேள்விக்கு, "குழாயில தண்ணி காலைல நாலு மணிக்கே வருது, எழுந்து புடிக்கத்தான் வீட்ல ஆள் இல்ல" என்றார். என்னைக் குத்தித்தான் சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பெயர், வயது, போன் எண் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் உங்கள் நேரத்துக்கு நன்றி என்றும் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு தலையை ஆட்டினார்.

பதில் எல்லாம் உண்மை, வீடுதான் தப்பு. அந்த ஒன்றுதான் கூட்டத்தில் என் தொண்டையில் நின்றது. நான் பேச்சில்லாமல் நிற்பதைக் காட்டி, "பாத்தீங்களா சார்" என்றான் சதவீதம். அவனுக்கு அந்த ஒன்றைப் பற்றி எதுவுமே தெரியாது. குருட்டாம்போக்கில் எறிந்தான், பட்டுவிட்டது.

அன்றிலிருந்து இந்தத் தொழிலில் என் பெயர் வீட்டுப்பாடம். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பெயர் போய் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு ஏன், என் வீட்டுக்காரரே ஒரு நாள் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, "உண்மையைச் சொல்லு, நீ போனியா இல்லையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "அவ காலைப் பாரு. வீட்ல உக்காந்து எழுதினவ காலாடா இது?" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் எனக்காக அவர் பேசியது அது ஒன்றுதான். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது திரையில் இருந்த பதிவை மெதுவாகக் கீழே தள்ளிப் படித்தேன். வயது அறுபத்தெட்டு, ஐந்து வருடத்துக்கு முன்னாலும் அறுபத்தெட்டு. ஆள் போயே போய்விட்டார், வயது மட்டும் ஏறவில்லை. அரசின் செயல்பாடு: மிகவும் திருப்தி. ஒரு டம்ளர் காபியில்கூட மிகவும் திருப்தி அடைந்தவர் இல்லை அவர். முக்கியப் பிரச்சினை: குழாயில தண்ணி காலைல நாலு மணிக்கே வருது, எழுந்து புடிக்கத்தான் வீட்ல ஆள் இல்ல. ஒரு வார்த்தை மாறவில்லை. கேட்டவர், களப்பணியாளர் எண் இருபத்தேழு. கடைசிக் கட்டத்தில், மேற்பார்வையாளர் உடன் சென்றாரா என்பதற்கு ஆம் என்று இருந்தது. பக்கத்தில் சதவீதத்தின் சொந்த எண். பத்து வீட்டுக்கு ஒரு வீடாவது மேலே இருப்பவர் கூடப் போயே ஆக வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் சட்டம்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. போன தேர்தலோடு ஒப்பிடுவதற்காக அதே சாவடிகளையே மறுபடி எடுப்பது வழக்கம். அந்தச் சாவடியின் இருபது பதிவையும் வரிசையாகத் திறந்தேன். அத்தனையும் என்னுடையது. பையன் படிச்சுட்டு சும்மா இருக்கான் என்ற ஓய்வுபெற்ற டிரைவர், தெருவிளக்கு எரிஞ்சா திருடன் ஏன் வரான் என்ற தையல்காரி, எல்லோரும் அங்கே இருந்தார்கள், நான் எழுதிய வார்த்தைகளோடு. ஓட்டும் திருப்தியும் மட்டும் அவனுக்கு வேண்டியபடி மாறியிருந்தன. பொய் என்று சொல்லித்தானே என்னைத் துரத்தினாய், பொய் என்றால் எதற்கடா திருடினாய் என்று எனக்கு வயிறு எரிந்தது.

டிரைவரைக் கூப்பிட்டேன். "வந்தாங்களேம்மா, ஒரு பொண்ணு வந்துச்சு. ரொம்ப நடந்து வந்திருக்கும் போல, நாற்காலி போட்டேன்" என்றார்.

"எப்ப சார்?"

"அது இருக்கும் ஒரு அஞ்சு வருஷம். இப்ப யாரும் வரல."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இவரை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. வயசானவர் மறந்திருப்பார் சார் என்று ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுவான். பத்தொன்பது பேரையும் அப்படித் துடைக்கலாம், செத்தவரைத்தான் முடியாது. அவரைக் காட்டினாலோ, இந்த எண் எங்கள் கோப்புக்குள் எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். உன் மாமியாரை யார் கேட்டது, எங்கே வைத்துக் கேட்டது? ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த இந்த சீட்டும் போகும். அவன் வைத்த பெயர் சரிதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஆபீஸை நடத்தும் அம்மாவிடம் திரையைக் காட்டினேன். வேறெதுவும் சொல்லவில்லை, இறந்தவர் என்று மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எடுக்கலன்னு போட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போம்மா. அவங்க தர வேலையிலதான் நம்ம விளக்கு எரியுது."

சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 'எடுக்கவில்லை' என்ற பட்டனை நான் அமுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் 'நேரில் உறுதி தேவை' என்று ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினேன். அதை அமுக்கினால் பதிவு கடைசிக் கூட்டத்துக்குப் போகும். அங்கே நிறுவனத் தலைவர் முன்னால் களத் தலைவனே வாயால் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு நாள் இருந்தேன். பொறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம், கறுவிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அவனை எந்த வார்த்தையில் அடிப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பட்டன் போனை முழுசாக சார்ஜ் ஏற்றினேன். வீட்டு சிலிண்டர் பதிவு அந்த எண்ணில் இருக்கிறது, அதனால்தான் அதை இன்னும் வைத்திருக்கிறோம், நான்தான் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இவ்வளவு சார்ஜ், யாரு கூப்பிடப் போறாங்க?" என்றார்.

"உங்கம்மாகிட்ட ஒருத்தர் பேசினாராம். இன்னொரு தடவை பேசட்டும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை டிவியில் கணிப்பைச் சொல்வார்கள். நிறுவனத் தலைவர் எழுபது வயதுக்காரர், மெதுவாகப் பேசுவார், எதையும் காகிதத்தில் அச்சடித்தால்தான் படிப்பார். சதவீதம் முன்னைவிடப் பெருத்திருந்தான். அவனோடு ஒரு பெண் வந்திருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கலாம், இருபத்தேழாம் எண்காரி. பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கேயாவது இடித்தால் பழியைத் தலையில் கட்ட ஆளைக் கையோடு கூட்டி வந்திருக்கிறான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நானும் ஒரு நாள் அப்படித்தான் பையைப் பிடித்திருந்தேன். அவள் மேல் இரக்கமா என்றால், பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்கு யார் மேலும் இரக்கம் இல்லை. அவன் நுழைந்து தப்பிக்க ஒரு பொந்து பாக்கி இருக்கிறதே என்றுதான் ஆத்திரம்.

சரிபார்ப்பவர்கள் நாங்கள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"அட, வீட்டுப்பாடம். இங்கயா இருக்கீங்க? அப்ப நமக்கு நூறு சதவீதம் பாஸ்தான்."

ஆபீஸ் அம்மாகூடச் சங்கடத்தோடு சிரித்து வைத்தார். நானும் சிரித்தேன்.

ஏழு பதிவுகள் நேரில் உறுதிக்கு வந்திருந்தன. ஆறுக்கும் அவன் சரளமாகப் பதில் சொன்னான். ஊமை, ஊருக்குப் போயிருக்கிறார், எண் மாறிவிட்டது. ஏழாவதைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பெயர், வயது, அறுபத்தெட்டு.

சதவீதம் உடனே அந்தப் பெண் பக்கம் திரும்பினான். "இருபத்தேழு, இது உன்னோடதுதான?"

"சார், நான் அந்தத் தெருவுக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சாரோட எண்ணும் இருக்குங்க" என்றேன் நான். குரலைப் பணிவாக வைத்துக்கொண்டேன். "உடன் சென்றவர்னு. தப்பா விழுந்திருக்குமோ என்னவோ."

தலைவர் தாளைப் புரட்டினார். "தப்பா விழுந்திருந்தா, பத்துக்கு ஒண்ணு நீங்க கூடப் போகணுமே, அதுல ஒண்ணு குறையுதே."

சதவீதம் ஒரு நொடிதான் யோசித்தான். "இல்ல சார், நான் போனதுதான். நல்லா ஞாபகம் இருக்கு. பெரியம்மா தனியா உக்காந்திருந்தாங்க. தண்ணிப் பிரச்சினை பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினாங்க. காபி குடிச்சுட்டுத்தான் போகணும்னு ஒரே பிடிவாதம்."

என் மாமியார் வாசலுக்கு வந்தவர் யாரையும் காபி குடிக்கச் சொன்னவர் இல்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"சரி, கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைவர். அவன் போட்டான், வழக்கம்போலக் கீழே இரண்டு கோடு இழுத்து. பேனாவுக்கு மூடி போடும் வரைக்கும் காத்திருந்தேன்.

"சார், நாமே ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடலாமே" என்றேன்.

தலைவர் தன் போனை எடுத்து, தாளைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி போயிற்று. என் பை அடித்தது. எல்லோரும் முதலில் அவரவர் போனைத் தேடினார்கள். நான் எழுந்து போய்ப் பட்டன் போனை மேசை நடுவில் வைத்தேன். அது அங்கேயே அடித்து ஓய்ந்தது.

"இது என் மாமியாரோட போன் சார். அவங்க செத்து ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு."

சதவீதத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் கெட்டிக்காரன். "சார், அப்ப இவங்க மாமியார் நம்பர் நம்ம கோப்புல எப்படி வந்துச்சு? முதல்ல அதைக் கேளுங்க" என்றான்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

"நான்தான் எழுதினேன் சார். அஞ்சு வருஷம் முன்னாடி இவருக்குக் கீழ வேலை பாத்தப்ப. எங்க வீட்ல உக்காந்து, வாளித் தண்ணில காலை வச்சுக்கிட்டு எழுதினேன். இருநூத்து நாப்பதுல அது ஒண்ணுதான் வீட்ல எழுதினது. தப்புதான், அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க." தொண்டையில் ஐந்து வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்த பிறகு பார்த்தால் இத்தனூண்டுதான் இருந்தது. "ஆனா நான் கேட்டப்ப அவங்க உயிரோட இருந்தாங்க. சார் போன செவ்வாய்க்கிழமை அவங்களை எங்க போய்ப் பாத்தாருன்னு கேளுங்க."

ஆபீஸ் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை எனக்கு இங்கே சீட்டு இருக்காது என்று அந்தக் கையைப் பார்த்தே தெரிந்தது. இருபத்தேழாம் எண்காரி பையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சதவீதம் வாயைத் திறந்தான், மூடினான். எனக்கு அந்த வாய் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அது என்னுடையதாக இருந்தது.

தலைவர் எண்ணைத் தாளோடு இன்னொரு முறை ஒப்பிட்டுவிட்டு, மறுபடி அழுத்தினார். காது சரியாகக் கேட்காது என்று மாமியார் சத்தத்தை உச்சத்தில் வைத்து அதிர்வையும் சேர்த்துப் போட்டிருந்தார். நான் அதை மாற்றவே இல்லை. போன் வழவழப்பான மேசை மேல் அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. இரண்டு கோடு இழுத்த கையெழுத்தின் மேல் ஏறி, அவன் விரல்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"எடுங்க சார்" என்றேன். "உங்களுக்குக் காபி குடுத்த பெரியம்மாதான்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது.